பால் லாரியும் மேஸ்திரியும்

ஃபெர்ரிங், 11 பிப்ரவரி 2026

போக்குவரத்துத் திட்டப் பிரிவு,
பால் கூட்டுறவு தலைமை அலுவலகம், ஆர்ஹூஸ்.

வணக்கம்.

நான் உறுப்பினர் எண் 417, மெரெட்டே புன்கோர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உங்கள் லாரி வந்து என் தொட்டியிலிருந்து பால் எடுத்துப் போகும். நேற்று செவ்வாய்க்கிழமை வர வேண்டிய நாள். வரவில்லை.

வராது என்று சொல்லியிருந்தாலாவது வேறு வழி பார்த்திருப்பேன். காலையில் கைப்பேசிக்கு "உங்கள் பால் இன்று எடுத்துக்கொள்ளப்படும்" என்று உங்கள் செய்தி வந்தது. அதை நம்பிக் காத்திருந்தேன். மதியத்துக்கு மேல் உதவி எண்ணை அழைத்தேன். காத்திருக்கச் சொல்லிப் போடும் பாட்டைப் பாதி கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு செய்தி போயிருக்கே. வண்டி வந்துட்டுப் போயிருக்குமே!"

"வந்துட்டுப் போயிருந்தா நான் எதுக்கும்மா உனக்கு ஃபோன் பண்றேன்?"

"ஒருவேளை நீங்க கவனிக்கலையோ?"

பதினெட்டுச் சக்கரமுள்ள லாரி என் முற்றத்தில் திரும்புவதை நான் கவனிக்கவில்லையாம்.

மாலைக் கறவைக்குத் தொட்டியில் இடமில்லை. மாட்டைக் கறக்காமல் விட முடியாது. வால்வைத் திறந்து இரண்டு நாள் பாலைச் சாணிக்குழியில் விட்டேன். பக்கத்துப் பண்ணை ஜுட்டேக்கும் இதே கதி. இந்த மேற்குத் தடத்தில் யாருக்குமே லாரி வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

என்ன நடந்தது என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். இதைப் படிப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிரிவின் பெயருக்கே எழுதுகிறேன். எங்கள் ஊரில் தபால் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே இன்று வந்த லாரி ஓட்டுநர் தோர்கில்டிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மெரெட்டே புன்கோர்


ஆர்ஹூஸ், 15 பிப்ரவரி

மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

அக்கா,

நவம்பரிலிருந்து நீ என் அழைப்பை எடுப்பதில்லை. கடிதமாவது வந்ததே. அதுவும் பாலைக் கொட்டிய பிறகு வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கிறேன். இது பிரிவின் சார்பிலும், என் சார்பிலும். ஏனென்றால் தவறு நான் அமைத்த இடத்தில்தான்.

நடந்தது இதுதான். இதுவரை எல்லாத் திட்டமும் அலுவலக அடித்தளத்தில் இருந்த ஒரே பழைய கணினியில் ஓடியது. அதற்கு வயதாகிவிட்டது. இப்போது வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரு பெட்டியில் கட்டிவிடுகிறோம். கன்டெய்னர் என்று பெயர். துறைமுகத்தில் பார்க்கிறோமே, அதே யோசனைதான். எங்கோ வாடகைக்கு எடுத்த கணினிகளில் பெட்டியைப் பிரித்தால் வேலை ஓடும். முடிந்ததும் பெட்டியே இருக்காது. எந்தப் பெட்டியை எப்போது பிரிப்பது, எது முடிந்த பிறகு எது என்று பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் இருக்கிறது. அலுவலகத்தில் அதை 'மேஸ்திரி' என்கிறோம். அந்த மேஸ்திரியை வேலைக்கு அமர்த்திப் பழக்குவதுதான் இந்த வருடம் என் பிழைப்பு.

முதல் பெட்டி உங்கள் தொட்டிகளில் எவ்வளவு பால் இருக்கிறது என்று அளவு வாங்கி வரும். இரண்டாவது அதை வைத்து லாரிகளுக்குத் தடம் போடும். மூன்றாவது உங்களுக்குச் செய்தி அனுப்பும். செவ்வாயன்று மேற்குப் பக்கத் தொடர்பு அறுந்திருந்தது. முதல் பெட்டி போய்ப் பார்த்தது, ஒன்றும் கிடைக்கவில்லை, வெறுங்கையோடு வந்து "வேலை முடிந்தது" என்றது. மேஸ்திரி நம்பிவிட்டது. உங்களிடம் பாலே இல்லை என்று இரண்டாவது பெட்டி எடுத்துக்கொண்டது. மூன்றாவதோ, முன்கூட்டியே வைத்திருந்த உறுப்பினர் பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டது.

இனி வெறுங்கையோடு வந்தால் மேஸ்திரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எங்களில் ஒருவரை எழுப்பும். இழப்பீட்டுப் படிவம் இதோடு இருக்கிறது. ஜுட்டேக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

இடது தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது?

ஆஸ்கெர்


ஃபெர்ரிங், 4 மார்ச்

தம்பி,

தோள்பட்டை இருக்கிறது.

உன் மேஸ்திரி நேற்று எனக்கு இரண்டு லாரி அனுப்பினார். வராததற்கு வட்டியோ என்று நினைத்தேன்.

தோர்கில்ட் வழக்கம்போல் வந்து பாலை எடுத்துக்கொண்டு, பாலாடைக்கட்டி வைத்த பன் ஒன்றைத் தின்றுவிட்டுக் கிளம்பினான். அவன் வளைவைத் தாண்டியிருக்க மாட்டான், எதிரே இன்னொரு லாரி. ஸ்த்ரூவரிலிருந்து பென்ட் என்று ஒரு புது ஆள். இரண்டு பேரும் என் ஒற்றைத் தடப் பாதையில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றார்கள்.

"இது என் பண்ணை" என்றான் தோர்கில்ட்.

"உன் பண்ணையா? எப்போ வாங்கினே? என் திரையில மெரெட்டே, ஜுட்டே, அப்புறம் டூபே ஊர் வரைக்கும் பதினொரு பேரு இருக்கு, பாரு."

"பாக்குறேன். என் திரையிலயும் அதே பதினொண்ணுதான் இருக்கு. நீ பின்னால எடு."

"நான் ஏன் எடுக்கணும்? பால் ஏத்தினவன் நீ, நீ எடு."

"பால் ஏத்தினவன் பாரம் வச்சிருக்கேன்டா. காலி வண்டிதானே எடுக்கணும்?"

கடைசியில் பென்ட் பின்னால் எடுத்தான். என் வேலிக் கம்பம் இரண்டு போயிற்று. அதன் பிறகு இருவரும் என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு ஆர்ஹூஸில் இருப்பவர்களைத் திட்டினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அவர்களில் ஒருவன் என் தம்பி என்று சொல்லவில்லை.

ஏன் சொல்ல வேண்டும்? நவம்பரில் ஹோல்ஸ்டெப்ரோவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் நீ சொன்னாயா? மேடையில் நின்று, "உதாரணத்துக்கு உறுப்பினர் 417. ஒரு லாரி அந்த முனை வரை போய்வருவது கட்டுபடியாகாது" என்றாய். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தாய். உதாரணத்துக்கு வேறு எண் கிடைக்கவில்லையா? ஜுட்டே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது உன் தம்பிதானே?" என்று கேட்டாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் படிவம் இருந்தால் அனுப்பு.

மெரெட்டே


ஆர்ஹூஸ், 9 மார்ச்

அக்கா,

முதலில் லாரி. அன்று தடம் போடும் பெட்டி பாதி வேலையில் விழுந்துவிட்டது. விழுந்தால் மறுபடி ஓட்டு என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்தவன் நான்தான். அது ஓட்டியது. முதல் தடவை விழுவதற்கு முன்னாலேயே பாதி லாரிகளுக்கு உத்தரவு போயிருந்தது. இரண்டாவது தடவை மறுபடியும் போயிற்று. இப்போது ஒவ்வொரு உத்தரவுக்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன். இனி பத்து தடவை ஓடினாலும் ஒரு லாரிதான் வரும். வேலிக் கம்பத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது ஹோல்ஸ்டெப்ரோ.

வேறு எண் கிடைக்காமல் இல்லை. உன் பண்ணையை உதாரணமாக எடுத்தால், யாரும் என்னைப் பார்த்து "உன் ஆட்களை விட்டுவிட்டு எங்களைச் சொல்கிறாயே" என்று கேட்க முடியாது என்று நினைத்தேன். என் அக்கா என்று சொல்லியிருந்தால் சலுகை கேட்கிறேன் என்பார்கள். அதனால் எண்ணைச் சொன்னேன். நான் சொன்ன கணக்கு சரிதான் அக்கா. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் கூட்டத்துக்கு முதல் நாள் உன்னை அழைத்துச் சொல்லியிருக்கலாம். அழைக்கவில்லை. நீ கத்துவாய் என்று பயம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இது இன்னும் யாருக்கும் தெரியாது. எந்தெந்தப் பண்ணைக்குப் போய்வருவது கூட்டுறவுக்குச் சுமை என்று கணக்கெடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதையும் பெட்டியில் கட்டி, மேஸ்திரியின் அட்டவணையில் சேர்க்கச் சொல்லி எங்கள் மேலாளர் விபெக்கே என்னிடம் கொடுத்திருக்கிறார். மார்ச் கடைசியில் ஓடும். அதில் பேர் வருகிறவர்களுக்கு செப்டம்பரோடு லாரி நிற்கும். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்கிறேன்.

ஆஸ்கெர்


ஃபெர்ரிங், 13 மார்ச்

தம்பி,

நான் எப்போது கத்தியிருக்கிறேன்?

உன் கடிதத்தை ஜுட்டேயிடம் காட்டவில்லை. மாடுகள் ஈனும் காலம், அவளுக்குத் தூக்கமே இல்லை. எனக்கும்தான். ஓடட்டும். வருவது வரட்டும். வந்ததும் சுற்றி வளைக்காமல் சொல்.

வேலிக்கு ஆள் வந்தான். கம்பத்தைக் கோணலாக நட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மெ.


ஆர்ஹூஸ், 2 ஏப்ரல்

அக்கா,

பட்டியல் வந்தது. பதினான்கு பண்ணை. நீயும் இருந்தாய், ஜுட்டேயும் இருந்தாள். ஆனால் அதோடு முடியவில்லை. இதைப் பொறுமையாகப் படி.

ஜுட்டேயின் பேர் எனக்கு உறுத்தியது. அவள் பண்ணை கடற்கரைச் சாலை மேலேயே இருக்கிறது, அவள் எப்படிச் சுமையாவாள்? அவள் வரியையும் உன் வரியையும் திறந்து நாள்வாரியாகப் பார்த்தேன். மார்ச் மூன்றாம் தேதி வந்த இரண்டாவது லாரியின் டீசல், பென்டின் கூலி எல்லாம் உங்கள் தலையில் எழுதியிருந்தது. பிப்ரவரியில் லாரி வராத நாளில், "பால் தரவில்லை" என்று எழுதியிருந்தது. நீங்கள் சாணிக்குழியில் விட்டதற்கு நீங்களே குற்றவாளிகள். நான் செய்த இரண்டு பிழையும் கணக்குப் பெட்டிக்குள் போய், மேற்குத் தடத்தின் குற்றமாக வெளியே வந்திருந்தது.

உன் எண் அதில் இல்லாவிட்டால் அந்த வரிகளைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

விபெக்கேயிடம் போனேன்.

"உன் அக்காவுக்காகத்தானே வந்து நிக்கிற?"

"ஆமா. ஆனா தப்பு அவங்களோடது இல்ல. என்னோடது."

"அதை எழுத்தில தருவியா?"

"தரேன்."

"சரி. அந்த நாளெல்லாம் எடுத்துட்டு மறுபடி ஓட்டு. ஆனா இப்போ என்ன வருதோ அதுதான். மூணாவது தடவ வந்து நிக்காத" என்றார்.

ஓட்டினேன். பதினான்கு ஒன்பதாயிற்று. ஜுட்டே தப்பிவிட்டாள்.

நீ தப்பவில்லை. சாலையைவிட்டு உன் முற்றம் வரை வந்து திரும்பிப் போவதுதான் காரணம். வேறு எதையும் குறை சொல்ல முடியவில்லை. நாலு விதமாகப் பார்த்தேன்.

பட்டியலில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் பெட்டியும் தயாராக இருந்தது. தானாக ஓடியிருந்தால், லாரி வரும் என்ற செய்தி வருகிற அதே கைப்பேசிக்கு இந்தச் செய்தியும் வந்திருக்கும். அதை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்பது வீட்டுக்கும் நானே போகிறேன். இந்தக் கடிதம் முதலில் உன் கைக்கு வர வேண்டும் என்று தோர்கில்டிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருவேன்.

ஆஸ்கெர்


ஃபெர்ரிங், 14 ஏப்ரல்

தம்பி,

நீ வந்து போன பிறகு எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. இன்று ஓடுகிறது.

நீ கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னாய். சொல்லி முடித்ததும் நான் எழுந்து தொழுவத்துக்குப் போனேன். கோபித்துக்கொண்டு போனதாக நினைத்திருப்பாய். முகம் அப்படித்தான் இருந்தது. 83-ஆம் எண் மாட்டுக்குக் கன்று வயிற்றில் குறுக்கே கிடந்தது, அதற்காகப் போனேன். நீ பின்னாலேயே வந்து, நல்ல கோட்டோடு வைக்கோலில் முட்டி போட்டுக் கன்றை இழுக்கும் கயிற்றைப் பிடித்தாய். பத்து வருடமாகப் பிடிக்காத கை. இருந்தாலும் மோசமில்லை. கன்று எழுந்துவிட்டது. உன் கோட்டு எழுமா என்று தெரியவில்லை.

கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நீ கிளம்பியதும் வந்தது. உன் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது, எவரும் ஏமாற்றவில்லை, அப்படியும் என் முற்றத்துக்கு லாரி வராது. திட்டுவதற்கு ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது ரொம்ப நாள் நிற்கும் போலிருக்கிறது.

மற்ற எட்டு வீட்டிலும் என்ன சொன்னார்கள்?

மெரெட்டே


ஆர்ஹூஸ், 19 ஏப்ரல்

அக்கா,

கோட்டு எழவில்லை. போகட்டும்.

இரண்டு வீட்டில் உள்ளே விடவில்லை. ஒருத்தர் கதவைத் திறந்து கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். மூடிவிட்டார். போவ்லிங்கில் கணவன் மனைவி இருவரும், ஏற்கெனவே மாடுகளை விற்க முடிவு செய்துவிட்டோம், எப்படி உங்களிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்தோம் என்றார்கள். எனக்கு ஆப்பிள் கேக் கொடுத்தார்கள். டூபேயில் போவுல் என்று ஒருவர், உனக்குத் தெரிந்திருக்கும், "எந்த மெஷின் சொல்லிச்சு?" என்று கேட்டார். மெஷின் சொல்லவில்லை, நாங்கள்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தோம் என்றேன். "அப்போ உன்னைத் திட்டலாம்ல?" என்றார். திட்டலாம் என்றேன். முழு மூச்சாகத் திட்டிவிட்டு, கார் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

இனி இந்த மாதிரி முடிவு எது வந்தாலும் மேஸ்திரி அங்கேயே நிறுத்தி வைக்கும். ஓர் ஆள் படித்து, பேர் போட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்த பெட்டி பிரியும். விபெக்கே ஒத்துக்கொண்டார். முதல் கையெழுத்து அவருடையதே இருக்கட்டும் என்றும் அவரே சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை.

பழைய கணினியை வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டோம். இனி எல்லாமே புதியதில்தான். மூன்று நாளாக எல்லா லாரியும் போக வேண்டிய இடத்துக்குப் போய் வந்தது. ஒருவரும் பாராட்டவில்லை. ஒருவரும் அழைக்கவும் இல்லை.

நீ என்ன செய்யப்போகிறாய்?

ஆஸ்கெர்


ஃபெர்ரிங், 17 மே

தம்பி,

என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாய். செய்தாயிற்று.

யோசனை ஜுட்டேயுடையது. ஒரு நாள் காலையில் வந்து, உட்காராமலே சொன்னாள்: "என் தொழுவத்தில பாதி காலியாக் கிடக்கு. தொட்டியும் பெருசு. உன் மாட்டை இங்க கொண்டு வந்து கட்டு. ரெண்டு பேரும் சேந்து கறப்போம், ஒரே எண்ணுல போடுவோம். லாரி என் வீட்டுக்கு வரத்தானே போவுது?"

"உனக்கும் எனக்கும் ஒத்துப்போகுமா ஜுட்டே?"

"போகாது. ஆனா உனக்கு ஒரு தோள்பட்டை, எனக்கு ஒரு முட்டி. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு வரும்."

பேசி முடிக்க மூன்று வாரம். யார் மாட்டுக்கு என்ன காதுக் குறி, தீவனச் செலவு எப்படி, சண்டை வந்தால் யார் போவது, எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கால்நடைப் பதிவிலும் இடம் மாற்றியாயிற்று. என் நிலம் எனக்கே இருக்கிறது, புல் இரண்டு பேருக்கும்.

நேற்று மாடுகளைக் கொண்டுபோனேன். லாரியில் ஏற்ற வேண்டாம், நடத்தியே போகலாம் என்றேன். தோர்கில்ட் லீவு போட்டுவிட்டு வந்து முன்னால் கொடி பிடித்தான். டூபேயிலிருந்து போவுல் சொல்லாமல் வந்து கடற்கரைச் சாலையில் கார்களை நிறுத்தினார். எழுபது மாடு. மேற்குக் காற்று, நல்ல வெயில்.

நான் அழுவேன் என்று ஜுட்டே காகிதக் கைக்குட்டைப் பாக்கெட்டே வைத்திருந்தாள். மாடுகள் ஏரி வளைவில் தயங்கும், என் வீட்டுப் பக்கம் திரும்பப் பார்க்கும் என்று நானும் கோலோடு தயாராக நின்றேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஜுட்டேயின் தீவன வாசனை வந்ததும் 83 ஓட ஆரம்பித்தாள், கன்று பின்னால், அதைப் பார்த்து எல்லாம் ஓடிவிட்டன. எங்களால் தொடர முடியவில்லை. சாலையில் நான் மட்டும் நின்றேன். திரும்பிப் பார்த்தது நான் ஒருத்திதான்.

முற்றம் அப்படியே இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு ஜுட்டே கத்தினாள், கறவைக்கு நேரமாயிற்று என்று. போனேன்.

அக்கா